உபயதாரர் பெயர் மறையாமல் பெல்ட் கட்டும் முறை

கடலோர ஊர்க்காரர்கள் தண்ணீருக்குள் மூழ்குவதில் என்ன பெருமை இருக்கிறது? கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, மூழ்குகிறார்கள். கடலே இல்லாத ஊரில் நீர்மூழ்கி மன்றம் தொடங்குவதுதான் நாகரிகத்தின் உச்சம். அந்த உச்சத்தை எங்கள் புத்தூர் தொட்டுவிட்டது.

"எலும்பு முறிஞ்சா புத்தூர் கட்டு போட ஊர் ஊரா நம்மகிட்ட வராங்க. இனிமே மூச்சு முட்டினாலும் வரட்டும்" என்று மன்றத் தலைவர் வெங்கடரமணன் முதல் கூட்டத்தில் அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நான் மன்றத்தின் செய்தித் தொடர்பாளர். கைதட்டலைத் தொடங்கி வைப்பது என் பொறுப்பு.

மன்றம் காரணமில்லாமல் பிறக்கவில்லை. நகரி சாலையில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கி, பச்சைப் பசேலென்று, படம் எடுக்க அழகாக இருக்கும். கோடையில் திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வாலிபர்கள் குளிக்க வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்புவதில்லை. அவர்களைக் காப்பாற்ற மிஷன் காம்பவுண்டு ஜாபேஸ் முன்வந்தார். சென்னையில் கப்பலுக்கு அடியில் மூழ்கி வேலை பார்த்தவர். அவரிடம் இல்லாதது காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்றுதான். அதை மாங்கூழ்த் தொழிற்சாலை அதிபர் கோவர்த்தனன் வழங்கினார்.

வழங்கினால் பெயர் எழுத வேண்டாமா? எழுதினார். சிலிண்டரின் கழுத்திலிருந்து கால்வரை, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும், "உபயம்: மாங்கூழ்ச் செம்மல் கோவர்த்தனன், சித்தூர் சாலை" என்று சிவப்புப் பெயிண்டில் மிளிர்ந்தது. காற்று எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

பிரச்சினை பெல்ட்டில் வந்தது. சிலிண்டரை முதுகு ஜாக்கெட்டோடு இறுக்கிப் பிடிக்கிற பட்டை அது. அதை எந்த இடத்தில் கட்டுவது என்று அவசரக் கூட்டம் கூடியது.

"மேல கட்டணும் சார், தோளுக்கு நேரா. அங்கதான் புடிப்பு" என்றார் ஜாபேஸ்.

"அங்க கோவர்த்தனன் இருக்காரே" என்றார் தலைவர்.

"அவரு தோ, சேர்ல உக்காந்துகினு இருக்காரு."

"சிலிண்டர் மேல சொல்றேன்யா."

கோவர்த்தனன் மனம் புண்பட்டுப் போனார். "மறைக்கிறதுக்கா அவ்ளோ பெரிசா எழுதினேன்? கீழ 'சித்தூர் சாலை'ன்னு இருக்குது பாரு, அத மறச்சிக்கோ. அட்ரஸ் எல்லாருக்கும் தெரியும்."

"கீழ கட்டினா டேங்க் வழுக்கிக்கினு போயிடும் சார். வாயில இருக்கற குழாயும் அதோட போயிடும். அப்புறம், பெல்ட்ட முன்னாடியே நனச்சி இறுக்கணும். காஞ்சது தண்ணியில எளகிடும்."

தலைவர் சிரித்தார். "தண்ணியில எறங்கப்போற சாமான எதுக்குய்யா முன்னாடியே நனைக்கணும்? பெயிண்ட் உரிஞ்சிடாது?"

இதற்கு ஜாபேஸிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பதிலுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. "உபயதாரரின் திருப்பெயருக்கு ஊறு நேராவண்ணம் பெல்ட் மரியாதையுடன் கீழிறங்க வேண்டும்" என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆழமில்லாத ஓரத்தில் ஒத்திகை நடந்தது. ஜாபேஸ் இறங்கினார். சிலிண்டர் தலைகீழாகச் சரிந்து, அவர் பின்மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே வால் போலத் தொங்கியது. இருமிக்கொண்டே கரையேறினார். செயற்குழு ஓடிப்போய்ச் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. "ஒத்திகை மகத்தான வெற்றி" என்று நான் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினேன்.

தொடக்க விழா குவாரிக் கரையில் நடந்தது. பந்தல், பேனர், சந்தனம், குங்குமம், ஒரு சிறு ஜெபம். ஜாபேஸுக்கு மேடையில் தனி மரியாதை. சிலிண்டர் தெரியவேண்டும் என்பதால் அவரைச் சபைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தோம். கோவர்த்தனன் "மூச்சின் முக்கியத்துவம்" பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாலிபன் ஒருவன் தண்ணீரில் விழுந்தான். சிலிண்டரில் உபயதாரர் பெயர் முழுதும் விழும்படி போனில் படம் எடுக்கப் பின்னால் பின்னால் போனவன், கரை முடிந்ததைக் கவனிக்கவில்லை. ஒருமுறை மேலே வந்தான். பிறகு வரவில்லை. அடியில் பழைய கிரேன் கம்பிகள் கிடப்பது எல்லோருக்கும் தெரியும்.

"பெல்ட்ட மேல ஏத்திக் கட்டுங்க சார், சீக்கிரம்" என்றார் ஜாபேஸ். "என் முதுகு எனக்கு எட்டாது."

"தீர்மானத்த மாத்தணும்னா கூட்டம் போடணுமேப்பா" என்று தலைவர் வருந்தினார்.

"ரெண்டே நிமிஷம், முடிச்சிடறேன்" என்றார் மைக்கில் கோவர்த்தனன்.

நாங்கள் அனைவரும் பதறினோம். மிகவும் ஒழுங்காக, அவரவர் நாற்காலியில் இருந்தபடியே பதறினோம்.

இந்த ஒழுங்கைக் குலைத்தவர் ஒருவர்தான். கோவர்த்தனனின் மனைவி சுலோசனா. பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாபேஸின் முதுகுப் பக்கம் போய் நின்றார்.

"எங்க வெக்கணும் நைனா?"

"மேலம்மா. இன்னும் மேல."

"இங்க இவரு பேரு இருக்குது."

"ஆமாம்மா."

"கெடக்கட்டும். பேரு இன்னா, மூச்சா உடுது?"

சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெல்ட்டில் கொட்டினார். சொந்தக் கணவரின் பெயருக்கு மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்.

"தூக்கிப் பாரும்மா. ஆடுதா?"

"ஆடல. நீ போ. உங்க ஏசுவும் எங்க பெருமாளும் பாத்துக்குவாங்க."

ஜாபேஸ் குதித்தார். கொஞ்ச நேரம் குமிழிகள் மட்டும் வந்தன. சுலோசனா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். கோவர்த்தனன் முதன்முறையாக மைக்கைக் கீழே வைத்தார். பிறகு தண்ணீருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் இருமின.

அத்துடன் மகிழ்ந்துவிட்டால் நாங்கள் பொறுப்புள்ள மன்றம் ஆவோமா? விசாரணை நடத்தினோம். கண்டறியப்பட்ட குறைகள் சாதாரணமானவை அல்ல. கம்பியில் சிக்கியவனை விடுவிக்கும்போது, உபரியாக இருந்த இன்னொரு வாய்க்குழாயை ஜாபேஸ் அவன் வாயில் வைத்திருக்கிறார். அதாவது, மன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் உபயதாரரின் காற்றை முன் அனுமதியின்றி உட்கொண்டிருக்கிறார். பத்திரிகைகளில் வந்த படமோ பெரும் பேரிடர். "உபயம்: மாங்கூழ்ச் செம்மல்" என்று இருக்கிறது, கீழே "சித்தூர் சாலை" என்று இருக்கிறது. நடுவில் பெல்ட்.

சுலோசனாவிடம் விளக்கம் கேட்டோம்.

"எழுதிக்கோங்க. எங்க வூட்டுக்காரு பேர மூடினது நான்தான். இன்னொருத்தன் உழுந்தாலும் மூடுவேன்" என்றார். பிறகு, "விசாரிக்கிறவங்க காபி குடிச்சிட்டுப் போங்க" என்றும் சொன்னார். குடித்துவிட்டு வந்தோம்.

மனம் தளராமல் ஆண்டறிக்கை தயாரித்தோம். கோவர்த்தனன் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. தலைவர், பொருளாளர், பந்தல் போட்டவர், மைக் செட்டுக்காரர், பெயிண்டர், தண்ணீர் பாட்டில் உபயம் செய்தவர் வரை ஒரு பெயரையும் விடவில்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் அச்சகத்துக்காரர் ஒரு சில்லறைச் சந்தேகத்தோடு போன் செய்தார்.

"பொழச்ச பையன் பேரு இன்னா சார்?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் பொருளாளரைப் பார்த்தார். இத்தனை பெயர்களைக் கட்டிக்காத்த எங்கள் மன்றத்தில், அவனிடம் அதைக் கேட்டவர் ஒருவருமில்லை.

தலைவர் என்னிடம் கையை நீட்டினார். போனை வாங்கி, பெருந்தன்மையோடு சொன்னார்:

"'பயனாளி'ன்னு போட்டுக்கோ. எடம் இருந்தா."