சூப்புக்குப் பிறகு என்ன பரிமாறினாய்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இந்த நாலு வருடத்தில் ஒரு தடவையாவது எனக்குச் சொல்லி அனுப்பியிருப்பாய். இது அழைப்புக் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தகவல் வேண்டும், அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ 'ஹலோ' என்று சொல்லும் தோரணையிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், கேட்க வந்தது மறந்துவிடும். அதனால் கடிதம்.

உன் மகன் பட்டம் வாங்கியதற்கு நீ விருந்து வைத்தாயே, அதில் சூப்புக்குப் பிறகு என்ன பரிமாறினாய்?

காரணம் சொல்கிறேன். நானும் பட்டம் வாங்கிவிட்டேன். பி.ஏ., புவியியல், தபால்வழி. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடி, காத்திருக்கிறேன். அன்றைக்கு உன் வீட்டில் சூப்புக் கிண்ணத்தோடு நான் பாட்டுக்கு ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், உன் அலுவலக நண்பர் ஒருவர் மரியாதையாக, "சார் என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார், வாயில் இருந்ததை நான் விழுங்குவதற்குள் நீ குறுக்கே வந்து, "அண்ணன் படிக்கலைங்க. ஆனா நம்ம எல்லாரையும்விட மேல போனவர். ஒரு நாளைக்கு நூறு தடவை போவார். லிப்ட் ஆபரேட்டர்!" என்றாய். கூடமே சிரித்தது. கேட்ட மனிதர்கூட, பாவம், சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஜோக் நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். மட்டமான ஜோக்காக இருந்திருந்தால் நின்று சாப்பிட்டிருப்பேன். கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அப்போது வெளியே வந்தவன்தான். மறுநாள் திங்கட்கிழமை, போய் விண்ணப்பம் வாங்கினேன். எந்தப் பாடம் என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் மேலும் கீழுமாகவே போய்விட்டேன், பக்கவாட்டில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று புவியியல் எடுத்தேன்.

முதல் பரீட்சைக்கு அறைக்குள் நுழைந்தேன், நாற்பது பிள்ளைகளும் சடாரென்று எழுந்து நின்றார்கள். சூபர்வைசர் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு உண்மையான சூபர்வைசர் வந்தார், அவர் என்னைப் பார்த்துப் பதறி, "சார், மேலிடத்துல இருந்து வர்றீங்களா?" என்றார். "முப்பத்தேழாம் நம்பர் மேஜைக்கு வர்றேன்" என்றேன். இப்படித்தான் நாலு வருடம் போனது. இப்போது நான் கண்ணால் பார்க்காத ஆறுகள் எங்கே பிறந்து எங்கே கலக்கின்றன என்று கேள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

சான்றிதழ் தபாலில் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், விருந்து வைப்பது என்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவனுக்கு வாழ்க்கையில் அவன் பெயரில் ஒரு விசேஷமும் நடப்பதில்லை, அதை நீ யோசித்திருக்க மாட்டாய். எழுபது வருடமாக எல்லோர் வீட்டிலும் கை நனைத்திருக்கிறேன், என் செலவில் யாரும் சாப்பிட்டதில்லை. சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குக் குழப்பமே இல்லை: நீ போட்டதெல்லாம் போட வேண்டும், அதற்கு மேல் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். இதில்தான் சிக்கல். நீ என்ன போட்டாய் என்பது சூப்பு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அன்று சமைத்தவரைத் தேடிப் போனேன். அவர் தொழிலையே விட்டுவிட்டாராம், அந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். வேறு வழியில்லாமல் எங்கள் தெருக்கோடியில் கேட்டரிங் நடத்தும் அம்மாவிடம் போனேன். கெட்டிக்காரி, குரல் மட்டும் ஒலிபெருக்கி.

"பட்டம் வாங்கினது பையனா, பொண்ணா?" என்றார்.

"பையன்தான்."

"என்ன வயசு?"

"எழுபது."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். நான் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்குக் கேக் மெத்துனு இருக்கணும்" என்று எழுதிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாகரிகம் எல்லோருக்கும் வராது.

"சரி ஐயா, மெனு சொல்லுங்க."

"முதல்ல தக்காளி சூப்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னன்னு என் தம்பிகிட்டதான் கேக்கணும்."

"கேட்டுச் சொல்லுங்களேன்."

"நாங்க பேசறதில்ல."

"அப்ப சூப்பையே குடிச்சிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகட்டுமா?" என்றார்.

அடுத்த குண்டு, ஐம்பது தட்டுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டாராம். "என் பாத்திரம் பெருசுங்க. இருபது பேருக்குப் போட்டா அடிபிடிச்சுடும்" என்கிறார். நான் வீட்டுக்கு வந்து காகிதத்தில் ஆட்களை எழுதினேன். பல் டாக்டர். ரொட்டிக்கடைக்காரர். மாடிப்படி கூட்டுகிற அம்மா. தபால்காரர். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் பதினொன்று, அதில் ஒருவர் வந்தால் மற்றொருவர் வர மாட்டார். கேட்டரிங் அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார், "மிச்சத்தை நான் முதியோர் இல்லத்துல குடுத்துடறேன் ஐயா, உங்க பேர்ல." முடியவே முடியாது என்றேன். என் விருந்தைச் சாப்பிடுகிறவர் முதலில் என் சான்றிதழைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கை கழுவ வேண்டும். தட்டைக் குறைக்கவும் மாட்டேன், பாத்திரத்தை மாற்றச் சொல்லவும் மாட்டேன், ஆளைத்தான் கூட்டுவேன் என்று சொல்லிவிட்டு நேரே நான் லிப்ட் ஓட்டிய பழைய கட்டடத்துக்குப் போனேன்.

ஒன்பது மாடி, தினமும் எண்ணூறு பேர், எல்லோரையும் எனக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்பதை வாசலில் நிற்கிற செக்யூரிட்டி கேட்ட பிறகுதான் உணர்ந்தேன். "பெருசு, யாரைப் பாக்கணும்?" என்றான். "மூணாம் மாடி" என்றேன். "மூணாம் மாடியில யாரு?" "குடை." "குடையா?" "தினமும் குடையை விட்டுட்டுப் போவாரே, அவர்." "பேரு சொல்லு பெருசு." பெயர் யாருக்குத் தெரியும்? அவர்களுக்கும் என் பெயர் தெரியாது, 'லிப்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் ஏன் என்று கேட்டதில்லை. நான்காம் மாடி இருமல்காரர், ஆறாம் மாடி மல்லுக்கட்டு தம்பதி, எட்டாம் மாடியில் எனக்கு மட்டும் வணக்கம் சொல்கிற கணக்கர், இவர்களை எந்த முகவரியில் போய் அழைப்பது? வாதாடி உள்ளே போய் லிப்டில் ஏறினேன். என் முக்காலி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி பதித்திருக்கிறார்கள். மாடி எண்ணை ஒரு பெண் குரல் சொல்கிறது, நன்றாகத்தான் சொல்கிறது, ஆனால் குடையை விட்டுப் போகிறவரைக் கூப்பிட மாட்டாள்.

ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் பதினொரு விநாடி. அதற்குள் ஒருவரை விருந்துக்கு அழைத்துப் பார், தெரியும். "ஐயா, அடுத்த ஞாயிறு மதியம் எனக்குப் பட்டம்..." என்று ஆரம்பிப்பேன், கதவு திறந்துவிடும், அவர் "பட்டம் விடற வயசா இது?" என்ற முகத்தோடு இறங்கிப் போய்விடுவார். காலையிலிருந்து மதியம் வரை ஏறி இறங்கினேன். எல்லோரும் கைப்பேசியையே பார்க்கிறார்கள். கடைசியில் ஏழாம் மாடியில் ஏறிய தட்டச்சு அம்மாதான் நிமிர்ந்து பார்த்தார், இப்போது அவர்தான் அங்கே மேலாளராம், "அண்ணே! நீங்களா? என் பொண்ணு பொறக்கும்போது வலியோட கீழ வந்தேனே, கையைப் புடிச்சுக்கிட்டே வந்தீங்களே!" என்று சத்தம் போட்டார். இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் என்னோடு இரண்டு தடவை மேலும் கீழும் வந்தார். மகளோடு வருகிறாராம். பதிமூன்று.

இன்று காலைக் கணக்குப்படி பதினேழு. கேட்டரிங் அம்மா தினமும் போன் செய்கிறார், "ஐயா, எத்தனை?" என்பார், சொல்வேன், "சூப்புக்கு அப்புறம் என்ன?" என்பார், நாளைக்குச் சொல்கிறேன் என்பேன், பிறகு சும்மா ஐந்து நிமிடம் பேசுவார். இந்த மாதத்தில் நான் அதிகமாகப் பேசிய ஆள் அவர்தான். உண்மையைச் சொன்னால், இந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டால் அந்தப் போனும் நின்றுவிடுமே என்றுகூட ஒரு யோசனை வருகிறது.

ஆனாலும் விருந்து நடக்கும். அடுத்த ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளப் பொது அறை, வாசலுக்கு இடது பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே தெரியும். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதியதை அடிக்க மனமில்லை, காகிதம் அசிங்கமாகிவிடும். நீ வர வேண்டாம். உனக்கு நாற்காலி போடவில்லை. பதார்த்தங்களின் பெயரை மட்டும் வரிசையாக எழுதி உடனே தபாலில் சேர்.

உன் வீட்டுக்காரிக்கும் மகனுக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள். உனக்கும் ஆசிதான், இளையவன் என்பதற்காக. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன், பி.ஏ.

பின்குறிப்பு: சூப்புக்குப் பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டி, காளான் சோறு, எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, பழக்கலவை, இரண்டு அடுக்குக் கேக். மீனில் உப்பு ஒரு கல் தூக்கல். அன்றைக்கு உன் வீட்டுக்காரி மூச்சு வாங்க என் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை ஓடி வந்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்ட டப்பாவை என் கையில் திணித்து, "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்" என்றாள். பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நாலு வருடம் வாக்கைக் காப்பாற்றினேன், போதும். டப்பா என்னிடம்தான் இருக்கிறது. அதை வெறுமனே திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை. இதுவரை அதில் போட்டுத் தர என்னிடம் எதுவும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கும். அவளை வந்து வாங்கிக்கொள்ளச் சொல். தனியாக அனுப்பாதே.