பல்கீஸுக்குக் கிருமி, அருளம்பலத்தாருக்குக் கட்டுரை

பெயர்வள்ளல் என்றோர் இனம் உண்டு; எந்த மழையிலும் முளைக்கும், எந்த மேடையிலும் தழைக்கும். கூலி கேட்டால் பொன்னாடை எடுப்பார், பதவி கேட்டால் பாராட்டுக் கூட்டம் வைப்பார், லீவு கேட்டால் "நீங்கள்தானே இந்த இடத்தின் தூண்" என்பார். தூணுக்கு எதற்கு லீவு?

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் கருவாட்டு ஆய்வுகூடம் ஒன்றை ஆண்ட அருளம்பலத்தார் இந்த இனத்துக்கு அரசர். உப்பிட்ட கருவாடு ஏன் சிவந்து கெடுகிறதென்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவருக்குக் கீழே வேலை பார்த்த கிண்ணியா பல்கீஸ் மாரிக்கு மாரி கண்ணாடிக் குழாய்களோடு குடியிருந்து, உப்பிலேயே உண்டு உறங்கிப் பிள்ளை பெறும் ஒரு சிவப்புக் கிருமியைப் பிடித்தாள். தற்காலிக வேலைக்காரி. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வந்தால்தான் வேலை நிரந்தரம்.

கட்டுரை எழுதியாயிற்று. மேலே ஒரே பெயர்: அருளம்பலம்.

"பிள்ளை, நேத்துக் கூட்டத்தில சொன்னபடி கிருமிக்கு உம்மட பெயரையே வச்சிட்டன்! லத்தீனில 'பல்கீசே'. உலகம் உள்ளவரைக்கும் நிக்கும்!"

"கட்டுரையில, சேர்?"

"அது வெறும் கடதாசி. நாளைக்குக் கச்சான் கடலை சுத்துவாங்கள்."

அழியாப் புகழை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கச்சான் சுற்றும் கடதாசியைத் தாம் சுமக்கிறாராம். என்ன தியாகம்! பல்கீஸ் சிரித்தாள்.

"நல்லம் சேர். ஆனா புதுக் கிருமிக்குப் பேர் வெச்சா, ஏன் அந்தப் பேர் எண்டு ஒரு வரி எழுதோணுமே?"

"ஓம், அது முறை."

"எழுதுங்களன்."

பேனாவைத் திறந்தார். 'இதைக் கண்டுபிடித்த பல்கீஸ்' என்று எழுதினால், தாம் பிடித்தது என்ன? 'போத்தல் கழுவிய பல்கீஸ்' என்றால் உலகம் சிரிக்காதா? பெயரையே எடுத்துவிடலாமென்றால், முந்தின நாள்தான் கூட்டம் கூட்டி, அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ஊருக்கே அறிவித்திருந்தார். பேனாவை உதறிப் பார்த்தார்.

"என்ன சேர், மை முடிஞ்சிட்டா? என்ட பேனா இரிக்கி."

அவளுடைய பேனாவால்தான் எழுதினார். கண்டவர் பல்கீஸ், பெயர் வைத்தவர் அருளம்பலம் என்று கட்டுரை வெளிவந்தது. வேலையும் நிரந்தரமாயிற்று.

அடுத்த மாரியில், மீனை நாற வைக்கும் வேறொரு கிருமியைப் பிடித்து, மரியாதையோடு அதற்குச் சேரின் பெயரை வைத்தாள் பல்கீஸ். ஏன் என்ற வரியில், 'எப்போதும் பக்கத்தில் நின்றமைக்காக' என்று எழுதினாள். அருளம்பலத்தார் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

சிரிக்கிறீர்களா? நேற்றுக் குசினியில் மீன் குழம்பைச் சட்டியோடு வழித்துவிட்டு, சமைத்தவளைப் பார்த்து "உன் கைக்குத் தங்க வளையல் போடவேணும்" என்றீர்களே.

வளையல் எங்கே?