டார்ச்சு டீச்சரும் ஒரு கடவாய்ப் பல்லும்

பெரியநாயக்கன்பாளையத்தில் போலீசுக்குப் பயப்படாத ஆண்பிள்ளைகள் உண்டு. பெண்டாட்டிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு என்று கேள்வி. டார்ச்சு டீச்சருக்குப் பயப்படாத தகப்பன் ஒருவன்கூடக் கிடையாது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் நம்மைப் பதிலுக்கு என்ன கேட்பாரோ என்ற பயம். வீதிக் கோடியில் தன் வீட்டு முன்னறையில் பேபி கிளாஸ் நடத்தினார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபத்து நான்கு குழந்தைகள். காலை ஒன்பது மணிக்கு கேட்டில் நிற்பார். கையில் இரண்டு பேட்டரிக் கட்டை போட்ட ஸ்டீல் டார்ச். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அது எரியும்.

"ஆ காட்டு, கண்ணு."

குழந்தை வாயைத் திறக்கும். வெளிச்சம் உள்ளே போய் மேலே, கீழே, சந்து பொந்தெல்லாம் சுற்றிவிட்டு வரும். அதன் பிறகுதான் குழந்தைக்கு அனுமதி. கொண்டுவந்து விட்டவருக்கு விசாரணை.

"பல்லு பொய் சொல்லாதுங்க. பெத்தவங்கதான் சொல்லுவாங்க" என்பது அவருடைய வேதம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை அவரும் மனைவியும் சேர்ந்து பையனைக் கொண்டுவந்தார்கள். அது அவருடைய கெட்ட நேரம். பையன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

"நேத்து பல்லடத்துல ஒரு எழவுங்க டீச்சர். இவங்கப்பா கூட்டிட்டுப் போய்ட்டு வந்தாங்க. அதான் சோர்ந்து கெடக்கறான்" என்றார் அந்தம்மா.

டீச்சர் டார்ச்சைத் தட்டினார். பையன் வாயைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தகப்பன் முகத்தைப் பார்த்தார்.

"கடவாயில பாப்கார்னு தோலு இருக்குதுங்களே. எழவு ஊட்டுல இன்டர்வெல் எப்ப உட்டாங்க?"

அந்த வாரம் முழுவதும் லேத்காரர் பேக்கரியில் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமைகளில் பிரஷ் பரிசோதனை. குழந்தை தன் டூத் பிரஷ்ஷைக் கொண்டுவர வேண்டும். டீச்சர் அதை விரலால் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தொலைந்தோம். நாங்கள் சும்மா இருப்போமா? வெள்ளிக்கிழமை காலைகளில் குழாயடியில் பிரஷ்ஷை நனைத்துக் கொடுத்தனுப்பினோம். இரண்டே வாரம்தான். "பிரஷ்ஷு நனைஞ்சிருக்குதுங்க, ஆனா அதுல பேஸ்ட் வாசமே காணமே" என்று முகர்ந்து காட்டினார். பிறகு பேஸ்ட்டும் தடவினோம். பல் தேய்ப்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்தோம்.

இந்த அம்மாளுக்கு இதில் என்ன ஆதாயம்? பேக்கரி பெஞ்சில் இதற்குப் பெரிய ஆராய்ச்சியே நடந்தது.

"டவுன்ல ஏதோ பல் டாக்டருகிட்ட கமிஷனுங்க. இல்லாட்டி சும்மா பாப்பாங்களா?" என்றார் லேத்காரர்.

எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டியவன் நான்தான். மோட்டார் பம்பு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை எனக்கு. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஃபவுண்டரியிலிருந்து வரும் வார்ப்புகளை டார்ச் அடித்துப் பார்ப்பேன். குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலும் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் டீச்சர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'மேல் கடவாய்ப் பல்லில் ஓட்டை. டாக்டரிடம் காட்டவும்.'

என் மகள் செல்விக்கு அப்போது நாலரை வயது.

"பால் பல்லுதானுங்க டீச்சர். தானா உழுந்துடப் போறதுக்கு எதுக்குங்க ரிப்பேரு?"

"கடவாய்ப் பால் பல்லு பத்துப் பதினோரு வயசு வரைக்கும் இருக்கோணுமுங்க. ஏனுங்க, எப்படியும் ஒருநாள் பழசாயிரும்னு ஓட்டைப் பம்பை உங்க கம்பெனியில வெளிய உடுவீங்களா?"

கேட்டில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சீட்டைச் சட்டைப் பையில் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. சட்டை துவைக்கப் போனபோது சீட்டும் கூடவே போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் செல்வியின் இடது கன்னம் வீங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது. என் மனைவி ஒரு பார்வையிலேயே முடிவு செய்துவிட்டாள். "பொன்னுக்கு வீங்கிங்க."

எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தால் டாக்டரிடம் போவது வழக்கமில்லை. தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டால் வீக்கம் தானாக வடிந்துவிடும். மனைவி தன் இரட்டை வடச் சங்கிலியை மகளுக்குப் போட்டாள். வாசலில் வேப்பிலை செருகினோம். நான் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் வீக்கம் கூடியது. தங்கம் போதவில்லை என்று நெக்லஸையும் போட்டோம். மூன்றாம் நாள், பி.எஸ்சி. படித்த நான், என் மோதிரத்தையும் கழற்றிச் சங்கிலியில் கோத்தேன். குழந்தை நகைக்கடை பொம்மைபோல உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூட விழுங்கவில்லை. வாயைத் திற என்றால் தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு டார்ச்சு டீச்சர் வாசலில் நின்றார்.

"தொத்து வியாதிங்க டீச்சர், உள்ள வராதீங்க" என்றேன்.

"அதைத்தானுங்க நானும் ரோசன பண்றேன். தொத்து வியாதிங்கறீங்க. என்ற கிளாஸ்ல இருபத்து மூணு கொழந்தைக்கும் தொத்தாதது உங்க ஊட்டுக்கு மட்டும் எப்படீங்க வந்துச்சு?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். என் மனைவி அவசரமாக ஒரு துண்டை எடுத்துக் குழந்தையின் கழுத்தைச் சுற்றி நகைகளை மூடினாள். "அவங்க கண்ணு சங்கிலி மேலயே இருக்குதுங்க" என்று என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்து டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தச் சத்தம்தான். மூன்று நாளாகத் தாய்க்கும் தகப்பனுக்கும் திறக்காத வாயைச் செல்வி தானாகவே திறந்தாள். "ஆ."

டார்ச் மினுக்கி மினுக்கி அணைந்தது. தட்டினார். மறுபடியும் அணைந்தது. பேட்டரிக் கட்டை தீர்ந்திருந்தது.

"உங்க கம்பெனி டார்ச்சைக் கொண்டாங்க."

கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே பாருங்க. ஓட்டை பாக்கறது உங்க சோலிதானுங்களே."

பார்த்தேன். ஆயிரக்கணக்கான வார்ப்புகளுக்குள் பார்த்தவன், என் மகளின் வாய்க்குள் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மேல் கடவாய்ப் பல்லில் பாதி இல்லை. மிச்சம் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே ஈறில் மஞ்சளாக ஒரு கொப்புளம்.

"பொன்னுக்கு வீங்கின்னா காதுக்குக் கீழ வீங்கோணுமுங்க. இது கண்ணைப் பாத்து ஏறுது. இனி ஒருநாள்கூட வெச்சிருக்காதீங்க, இப்பவே போங்க."

அந்த நேரத்திலும் என் சந்தேகப் புத்தி விடவில்லை. "எந்த டாக்டருகிட்டங்க?" என்று கேட்டுவிட்டு, எந்தப் பெயர் வருகிறதென்று அவர் வாயையே பார்த்தேன்.

"எந்த டாக்டரா இருந்தா என்னுங்க? பெரியாஸ்பத்திரினாலும் செரி. மொதல்ல வண்டிய எடுங்க."

டவுனில் கண்ணில் பட்ட முதல் பல் டாக்டரிடம் போனோம். அவர் சீழை வடித்து, பல்லை எடுத்து, மருந்து எழுதினார். கண்ணுக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் கன்னம் வீங்கிய குழந்தை ஒன்றைப் பார்த்துவிட்டால், யாரென்றுகூடக் கேட்காமல் பல் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். அன்று கிளம்பும் முன், "டீச்சர் அனுப்பிச்சாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த டீச்சருங்க?" என்றார் டாக்டர். கமிஷன் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

மறுநாள் டீச்சர் மறுபடியும் வந்தார், நலம் விசாரிக்க அல்ல. "பால் பாட்டிலு எங்க வெச்சிருக்கறீங்க?"

என் மனைவி திடுக்கிட்டாள். நாலரை வயதிலும் செல்வி பாட்டிலைச் சப்பிக்கொண்டேதான் தூங்குவாள் என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

"சீனியெல்லாம் இல்லீங்க டீச்சர். வெறும் நாட்டுச் சக்கரைதான் போடறோம். பொள்ளாச்சியில எங்கப்பா வெல்ல மண்டிதானுங்க வெச்சிருக்கறாரு" என்றாள், கொஞ்சம் கர்வமாகவே.

"பல்லுக்கு நாட்டுச் சக்கரை, சீமைச் சக்கரைன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க அம்மணி. படுக்கையில பாட்டிலக் குடுத்தா விடிய விடிய பல்லு அதுல ஊறிட்டே இருக்கும்" என்ற டீச்சர், பாட்டிலைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

செல்வி இப்போது நாலாம் வகுப்பு. தினமும் பல் தேய்த்ததும் கம்பெனி டார்ச்சோடு நான் நிற்கிறேன். "அப்பா, உங்களுக்கு ஓவர் சந்தேகம்" என்று சலித்துக்கொண்டே வாயைத் திறக்கிறாள். அந்தப் பல் இருந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

டீச்சர் இன்னும் கேட்டில் நிற்கிறார். மாதம் பிறந்தால், வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டு ஜன்னல் கட்டையில் இரண்டு புது பேட்டரிக் கட்டைகளை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன். யார் வைக்கிறார்கள் என்று அவர் இதுவரை எவரையும் கேட்டதில்லை. ஊரையே சந்தேகப்படுகிற மனுஷி, இந்த ஒன்றை மட்டும் விசாரிக்காமல் விட்டிருக்கிறார்.