மாமனார் முதுகு

கண்ணாடியைக் கழற்றித் துணிக்கூடையிலேயே விட்டு வந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று, பனியில் வெறுங்காலோடு நின்றபோதுதான் ரெய்ஜிக்கு உறைத்தது.

திறந்தவெளி வெந்நீர்க் குளம் முழுக்க ஆவி. ஆவிக்குள் நாலைந்து வழுக்கைத் தலைகள். எல்லாத் தலையிலும் மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. இதில் எது அகானேயின் அப்பா?

"அப்பாகிட்ட வெந்நீர்ல வெச்சே கேட்டுடு. வெளியே வந்துட்டா வாயைத் திறக்க மாட்டார்," என்று அகானே சொல்லியிருந்தாள். தாயில்லாப் பெண்ணைத் தனியாளாய் வளர்த்தவர் ஒகுமுரா. அவர் தலையாட்டாமல் கல்யாணம் இல்லை.

ஓரப் பாறையில் சாய்ந்திருந்தவர் அவர் மாதிரிதான் தெரிந்தார். ரெய்ஜி கழுத்தளவு நீரில் நகர்ந்து போனான்.

"ஐயா, அகானேயை எனக்குக் கட்டிக் கொடுங்க. அவ சிரிச்சா எனக்குப் பசிகூட மறந்துடுது. அந்தச் சிரிப்பு குறையாம பார்த்துக்கறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்க்கரைத் தலை ஒன்றைக் கைகாட்டினார்.

"ஐயையோ, ஆள் மாறிப்போச்சு! மன்னிச்சுக்கங்க!"

இந்தத் தடவை உஷாராக, "முதுகு தேய்ச்சு விடட்டுமா?" என்று ஆரம்பித்தான். எதிர்க்கரைத் தலை ஆனந்தமாகக் கரையேறி, குளிக்கும் முக்காலியில் உட்கார்ந்தது. தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"எனக்கு ரெண்டும் பசங்கதான், தம்பி. இன்னும் கொஞ்சம் கீழே தேய்."

அதற்குள் அடுத்த முக்காலியில் இன்னொரு முதுகு வந்து உட்கார்ந்துவிட்டது.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று ரெய்ஜி நேராகவே கேட்டான்.

"மூணு. மூணையும் கட்டிக் கொடுத்தாச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

குளமே சிரித்தது. மரக்கிளையிலிருந்த பனி பொத்தென்று ரெய்ஜியின் தலையில் விழுந்தது. அவன் தாடை நடுங்கியது. குளிரா, அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னைப் பிடிக்கலை போல. அதான் அவர் வரவே இல்லை. அகானே முகத்துல எப்படி முழிப்பேன்?"

மூணு பெண்களைக் கட்டிக் கொடுத்த பெரியவர் ஒரு வாளி வெந்நீரை அவன் தோளில் இதமாக ஊற்றினார்.

"வராம என்ன? நீ முதல்ல கேட்டியே, அவர்தான்டா! 'நான் அழுது முடிக்கிறவரைக்கும் என் மாப்பிள்ளையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கங்க'ன்னு என்னைக் கெஞ்சி அனுப்பியிருக்கார். தேய்."