மூன்று கிலோ ஜின்

பதினொரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். கழுத்துப் பாவாவின் முகத்தைப் பார்க்க என் அக்கா, ஜுனைதா ராத்தா, வரிசையில் இருந்த நேரம் அது. கழுத்து நோவோடு, குமட்டும் ஓங்காளத்தோடு, மடியில் ஒரு ஷொப்பிங் பையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். சுகமாக உள்ள ஒருவரால் அப்படி இருக்க முடியாது. நோயாளிகளுக்குத்தான் அந்த உடல்வலு உண்டு.

பாவா கல்முனைக்கு வந்து ஒரு பெருநாள்கூடக் கழியவில்லை. அதற்குள் கடற்கரைப் பக்கம் அவர் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து தனி வேன் ஓடியது. இறக்காமத்து ஆட்கள் உழவு மெசின் பெட்டியில் ஏறி வந்தார்கள். சொறிக்கல்முனையிலிருந்து வேலப்போடி என்ற விவசாயி மனைவி செல்லத்தங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் இருந்தார். பாவா பிரிவினை பார்ப்பவர் அல்ல. எங்களுக்கு ஜின் என்றார், சொறிக்கல்முனைத் தமிழ் ஆட்களுக்குப் பேய் என்றார். எடை மட்டும் ஒன்று.

ஆம், எடை. பாவாவின் கண்டுபிடிப்பே அதுதான். மனிதனைப் பிடிக்கும் ஜின் பிடரியில் குந்துகிறது. குந்தினால் பாரம். பாரம் என்றால் தராசு காட்டும். வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்.

முன்னறையில் ஒரு முள்ளுத் தராசு. குளியலறையில் வைத்து ஏறி நிற்கிற வகை. அதன் கண்ணாடியைப் பச்சைத் துணி ஒன்று மூடியிருக்கும். ஆள் ஏறிய பிறகு பாவாவின் உதவியாள் துணியை விலக்கி எடையைச் சத்தமாகச் சொல்வார். இறங்குவதற்குள் மூடிவிடுவார். வெறும் தராசை வெறுங்கண்ணால் பார்ப்பது ஜின்னுக்கு மரியாதைக் குறைவாம். பிறகு உள்ளறை. அங்கே பாவா பிடரியைப் பெருவிரலால் அழுத்துவார். ஏதோ முணுமுணுப்பார். அது அரபும் இல்லை, தமிழும் இல்லை. நோயாளி அலறுவார். அந்த அலறலோடு ஜின் இறங்கிவிடும். உள்ளறையில் இன்னொரு தராசு, அதே நிறம், அதே அளவு. அதில் ஏறினால் மூன்று கிலோ குறைந்திருக்கும்.

ராத்தாவுக்கு மூன்று கிலோ. செல்லத்தங்கத்துக்கும் மூன்று கிலோ. மீன் மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவர், கதவால் பக்கவாட்டில் நுழைந்தவர், அவருக்கும் மூன்று கிலோ. நடக்கப் பழகிய ஒரு பிள்ளை வந்தது. பிள்ளையே ஒன்பது கிலோ. அதன் ஜின்னும் மூன்று கிலோ. மனிதர்கள் எத்தனை விதமாக இருந்தாலும் ஜின்களுக்குள் அப்படியொரு சமத்துவம்.

பாவா காசைக் கையால் தொடமாட்டார். அதற்கு ஒரு தகரப்பேணி இருந்தது. அரிசி, தேங்காய், சேவல் என்றால் உதவியாள் வாங்கி உள்ளே வைப்பார்.

ராத்தாவுக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. கிளினிக்கில் வைத்தியர் பெயரைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நரம்புகள் நோவைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு வருத்தம் என்றார். இரத்தப் பரிசோதனையில் வராது, எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் நோவு உண்மை என்றார். இரவில் விழுங்க ஒரு குளிசை தந்தார். துவாயைச் சுருட்டிக் கழுத்துக்கு வைத்துப் படுக்கச் சொன்னார். சுடுதண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் நடை, வயிற்றைக் காயவிடாமல் அடிக்கடி ஒரு வாய். ஓங்காளம் வரும்போது இஞ்சிப் பிளேன்டீயும் கிறேக்கர் பிஸ்கட்டும். மீன் பொரிக்கும் நேரத்தில் வாசலுக்குப் போய்விட வேண்டும். நோவு கூடிய நாளில் வேலையைப் பாதியில் விடலாம், அது குற்றமில்லை.

கடைசியில் ஒரு சொல் சொன்னார். அதுதான் அவருடைய தவறு. "சமாளிக்கலாம்" என்றார். சமாளிக்கலாம் என்பவரின் வாசலில் எந்த ஊரிலும் வரிசை நிற்காது.

உம்மா ரிப்போட்டைக் கேட்டார். ரிப்போட் சுத்தம். ரிப்போட் சுத்தம் என்றால் ஆளும் சுத்தம்தானே. "அப்ப எழும்பி மீன வெட்டு" என்றார். கலியாண வீடுகளில் மாவிடிக்க வராத ராத்தாவுக்கு வேலைக்கள்ளி என்று பெயர் வந்தது. கத்தாரில் இருந்து மச்சான், ராத்தாவின் கணவர், அனுப்பிய குரல் செய்தியில், அங்கே ஐம்பது பாகை வெயிலில் நிற்பவனுக்குக் கழுத்து நோகவில்லையே என்ற ஆராய்ச்சி இருந்தது.

பிறகு ஒருநாள் வீட்டில் ஜின் என்ற பேச்சு வந்தது. வந்த கையோடு ராத்தாவின் மதிப்பு ஏறியது. உம்மா தலையணையைத் தட்டிப் போட்டார். பக்கத்து வீட்டிலிருந்து கோழிச் சூப் வந்தது. மச்சானின் குரல் செய்தியில் அழுகை வந்தது. மனிதப் பெண்ணுக்கு நோவு வந்தால் வேலைக்குச் சொல்லும் சாட்டு, ஜின்னுக்கு இடம் கொடுத்தால் மரியாதை.

பாவா இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்த வேண்டும், ஜின் அதைத்தான் தின்கிறது. இரண்டு, சுகமாகும்வரை வேறு எந்தத் தராசிலும் ஏறக்கூடாது, ஏறினால் ஜின் திரும்பி வந்துவிடும். கடலுக்கும் காட்டுக்கும் அஞ்சாத ஜின் ஃபார்மசித் தராசுக்கு அஞ்சுவது எனக்குப் புதுமையாக இருந்தது.

ஜின் எப்படியும் திரும்பி வந்தது. ஒவ்வொரு கிழமையும் முன்னறைத் தராசில் அதே மூன்று கிலோ. குளிசையைத் திடீரென்று விட்டதில் ராத்தாவுக்கு நித்திரை போனது. ஓங்காளம் சத்தியாக, வாந்தியாக மாறியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்பிப் பேசினாள். பாவாவுக்குச் சந்தோசம். சத்தி வந்தால் ஜின் போகிறது, வராவிட்டால் ஜின் பயந்துவிட்டது. எந்தப் பதில் எழுதினாலும் சரி போடும் அந்தப் பரீட்சை எனக்குக் கிடைத்திருந்தால் முதலாம் வகுப்பில் தேறியிருப்பேன்.

பள்ளி இமாம் ஜும்மாவில் எழுந்து, இது மார்க்கமும் இல்லை மருத்துவமும் இல்லை, வைத்தியரிடம் போங்கள் என்று சொன்னார். எல்லோரும் பணிவாகக் கேட்டார்கள். தொழுகை முடிந்து பாதிப் பேர் பாவாவின் வேனில் ஏறினார்கள்.

அடுத்த முறை போனபோது பாவா தீர்ப்புச் சொன்னார். "ஜின்ட கால் கழுத்தெலும்பில சிக்கியிரிக்கி, உம்மா. அடுத்த வியாழன் கொண்டு வாங்க. தலையப் புடிச்சி ஒரே திருப்பு. கழண்டிரும்."

எப்படி என்று ஓர் இளநீரைக் கையில் எடுத்துத் திருகிக் காட்டினார். உம்மா தலையாட்டினார். ராத்தா அந்த இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் நான் உம்மாவிடம் சொன்னேன். "கழுத்தில முள்ளந்தண்டு நரம்பு போகுது, உம்மா. பிசகினா கைகால் வராமப் போகும்."

"படிச்சி என்ன, வாயத் தொறந்தா நல்ல சொல் வராது" என்றார். அத்தோடு என் வாதம் முடிந்தது. எனக்கு ஆட்களோடு வாதாட வராது. ஆனால் மூன்று கிலோவை என்னால் மறக்க முடியவில்லை. அறுபது கிலோ ஆளுக்கும் ஒன்பது கிலோ பிள்ளைக்கும் ஒரே அளவு பிழை காட்டும் வித்தைக்கு நான் படித்த பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு பெயர் இருந்தது. பூச்சிய வழு. ஒன்றும் ஏறாமலே முள் முன்னுக்கு நிற்பது.

வியாழக்கிழமை பாவாவுக்குக் காணிக்கையாக ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை வாங்கினேன். வாய் தைத்த பை. தூக்கி வர காலிதீன் மாமாவைக் கேட்டேன்.

காலிதீன் மாமா உம்மாவின் தம்பி. இறக்காமத்தில் வயல் செய்கிறார். நெல் வாங்க வரும் யாவாரியின் தராசை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. முதல் மூடை ஏறுமுன் தன்னுடைய சொந்தப் படிக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நூறு கிராம் பிசகினால் யாவாரி வயலை விட்டு ஓட வேண்டும். அப்படிப்பட்டவர் பாவாவின் தராசை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மூடைக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டம்.

முன்னறையில் நல்ல கூட்டம். வேலப்போடியும் செல்லத்தங்கமும் வந்திருந்தார்கள். ராத்தா உம்மாவின் பக்கத்தில் இருந்தாள். தராசு காலியாக, பச்சைத் துணியோடு கிடந்தது. உதவியாள் ஒரு சேவலை வாங்கி உள்ளே கொண்டுபோயிருந்தார்.

நான் மாமாவுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். "மாமா, இந்த அரிசிக் கடைக்காரன் எட குறைக்கிற ஆள் எண்டு சொல்றாங்க. ஒருக்கா வெச்சுப் பாப்பமா?"

வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மாமா பையைத் தராசில் வைத்துத் துணியை விலக்கினார். பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதிமூணு காட்டுது."

"பத்துத்தானே வாங்கின, மாமா."

"கூடப் போட்ட யாவாரிய நான் என்ட உசிரில காணல்ல" என்றார் மாமா. அவர் முகம் மாறியது. நல்லது நடந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

பையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளறைக்குப் போனார். திரைச்சீலை விலகியே கிடந்தது. கூட்டம் கழுத்தை நீட்டியது. நோவை மறந்துதான். உள்ளறைத் தராசில் பை சரியாகப் பத்துக் கிலோ.

"பாவா, வெளிய பதிமூணு, உள்ளுக்குப் பத்து" என்றார் மாமா.

பாவா அசையவில்லை. "அரிசியிலயும் ஒண்டு இருந்திச்சி. என்ட பார்வ பட்டதும் போயிட்டு."

"மாஷா அல்லாஹ்" என்றார் ஒருவர், பின்னாலிருந்து.

மாமா பையை மறுபடி முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார். பதிமூன்று. "திரும்பி வந்திட்டே, பாவா."

"அது அப்பிடித்தான். நான் பாக்காத நேரம் ஏறிரும்."

"அப்ப வந்து பாருங்களன்."

பாவா வந்து பார்த்தார். முறைத்துப் பார்த்தார். முள் பதிமூன்றிலேயே நின்றது. அந்த ஜின்னுக்கு அன்று பார்வை படவில்லை.

வேலப்போடி எழும்பி வந்தார். "காக்கா, பையக் கொஞ்சம் எறக்குங்க" என்றார், மாமாவை அண்ணன் முறை வைத்து. மாமா இறக்கினார். உதவியாள் ஓடிவந்து துணியை இழுக்கப் பார்த்தார். வேலப்போடி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இஞ்ச பாருங்க, காக்கா. ஒண்டும் இல்லாமலே மூணு காட்டுது."

ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். வெறும் தராசு. முள் மூன்றில். அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை. முள்ளை மூன்று கிலோ முன்னுக்குத் தள்ளிவிட்டு, மேலே பச்சைத் துணியைப் போட்டிருந்தார்கள்.

"ஜின் உண்மையாத்தான் இரிந்திரிக்கி" என்றார் வேலப்போடி. "எங்கட ஆக்கள்ள இல்ல. தராசில."

செல்லத்தங்கம் புருசனைப் பார்த்தார். "ரெண்டு மாசமா என்ட பிடரிய நெரிச்சாரே, அப்ப அது என்னத்துக்கு?"

மருமகளின் கழுத்தைத் திருகப்போகிறார்கள் என்றபோது வராத கோபம் மாமாவுக்கு அப்போது வந்தது. "தராசிலயா கை வெச்ச நீ" என்றுதான் கேட்டார். ஜின்னைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பாவா தராசு விற்ற கடையில் பிழை என்றார். பிறகு உதவியாளில் பிழை என்றார். உதவியாள் உடனே, "ஸலாஹுதீன், நீதானே முள்ளத் திருகச் சொன்ன" என்றார். பாவாவுக்கு ஒரு பெயர் இருப்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. இளைஞர்கள் சிலர் தகரப்பேணியோடு இருவரையும் ஓட்டோவில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் முதலிலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ளவரிடம் அதைச் சொன்னார்கள். மாஷா அல்லாஹ் சொன்னவர்தான் கூடுதலாகச் சொன்னார்.

ராத்தா சுவரோடு சாய்ந்து இருந்தாள். நான் துவாயைச் சுருட்டிப் பிடரிக்கு வைத்தேன். அவள் கண்ணை மூடி மெல்ல மூச்சுவிட்டாள். கழுத்து அவளிடமே இருந்தது. எனக்கு அது போதும்.

உம்மாவுக்குப் போதவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கத்தான் கேட்டார். "அப்ப இவளுக்கு ஜின்னும் இல்ல. ரிப்போட்டிலயும் ஒண்டுமில்ல. அப்ப இவ்வளவு நாளும் இவள் கெடந்தது சும்மாவா?"

"அதத்தான் நானும் யோசிக்கன்" என்றார் மாமா. ஒரு பொய்யைப் பிடித்த கையோடு இன்னொன்றையும் பிடிக்கும் ஆர்வம் அவருக்கு. "மருமகளுக்கு ஜின் எண்டு முதல்ல ஆரு சொன்ன? அந்த ஆளயும் புடிக்கோணும்."

"நான்தான் சொன்னன்" என்றாள் ராத்தா.

நான் அவளைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது.

அவள் கண்ணைத் திறந்து, முழு உடம்பையும் உம்மாவின் பக்கம் திருப்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"கழுத்து நோகுது எண்டு ரெண்டு வருசமாச் சொன்னன். ஓங்காளிக்கிது எண்டு சொன்னன். டொக்டர் சொன்ன பேரையும் சொன்னன். ஒருத்தரும் நம்பல்ல. ஒருநாள் எனக்கு எழும்பவே ஏலாமப் போச்சு. மீன் வெட்ட வராட்டி ஏசுவீங்க எண்டு பயத்தில ஜின் எண்டு சொன்னன். சொன்ன உடனே படுக்கச் சொன்னீங்க. என்ட நோவுக்கு ரிப்போட் கேட்டீங்க, உம்மா. ஜின்னுக்கு ஒருத்தரும் ரிப்போட் கேக்கல்ல. பாவாவுக்காவது ஒரு தராசு தேவைப்பட்டிச்சி, எனக்கு அதுவும் தேவைப்படல்ல. உங்கள ஏமாத்துறது ஏன் இவ்வளவு லேசா இரிக்கி எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க."