முங்கல் அண்ணாச்சி ஆற்றில் இறங்காத நாள்

தாமிரபரணிக்கு முழு விசுவாசமான ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் முங்கல் அண்ணாச்சி. வெள்ளம் படித்துறையை மூடிய நாளிலும் போலீஸ்காரரிடம் “ஓரமா ஒரே ஒரு முங்கு” என்று கெஞ்சியவர். அவர் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியபோது, குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் குளிக்கையில்தான் கண்டெடுத்தார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவர் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் காலம் ஓடியது. “எங்கிட்ட ரெண்டு கெடக்குல்லா, ஒண்ண எடுத்துக்கிடுங்க” என்றார், பல்பு எடுத்துக் கொடுக்கிற தொனியில்.

டாக்டர் ஒரு சோதனை எழுதினார். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். அதிலும் ரத்தத்திலும் கிரியேட்டினினை அளந்தால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

அண்ணாச்சி மஞ்சப்பையில் கேனோடு ஊர் சுற்றினார். மேலப்பாளையத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணப் பிரியாணிக்கும் காலடியில் கேன்தான். பக்கத்தில் இருந்தவர் “பதனியா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“ஆமா வே, சொந்த மரம்.”

முடிவு வந்தது. வடிகட்டும் திறன் குறைவு, இவர் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்றார் டாக்டர். தங்கைக்கோ கொடுக்க வேறு ஆள் இல்லை. அண்ணாச்சி கடைக்குள் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“ஒரு சொட்டு விடாமப் புடிச்சீயளா?” என்றேன்.

“எங்கன போனாலும் கேனோடதான வே போனேன்.”

“ஆத்துக்கு?”

“கேன கரையில வச்சிட்டுல்லா எறங்குனேன்.”

“தண்ணிக்குள்ள நிக்கையில?”

பைய நிமிர்ந்தார். “அதுவும் கணக்குல வருமா வே?”

இடுப்பளவு ஆற்றில் நிற்கும் மனிதன் என்ன செய்கிறான் என்பதை எந்த நெல்லைக்காரனும் வெளியே சொல்ல மாட்டான். அண்ணாச்சி நேரே போய் டாக்டரிடம் சொன்னார். காலையும் மாலையும் சேர்த்து தாமிரபரணி வாங்கிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு புதுக் கேன் கொடுத்தார்.

மறுபடி கேன் பிடித்த அன்றுதான் நான் அசந்துபோனேன். பழக்க தோஷம், துண்டோடும் கேனோடும் படித்துறைக்கு வந்துவிட்டார். நல்ல வெயில், ஆறு நிறையத் தண்ணீர். படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அடக்கிக்கிட்டு ஒரு முங்கு போடுங்களேன்” என்றேன்.

“எறங்கிட்டா என்னைய நானே நம்ப மாட்டேன் வே.”

கால் விரலைக்கூட நனைக்கவில்லை. உலகத்தையே துறந்த சாமியார்கள் இருக்கிறார்கள். இவர் ஒரு நாள் ஆற்றைத் துறந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இந்த முறை தேறினார். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நடக்க அனுமதி கிடைத்ததும், வயிற்றுத் தையலைப் பிடித்தபடி என் தோளில் சாய்ந்து தங்கையின் கட்டிலுக்கு வந்தார். கட்டிலோரத்துப் பையில் அவளுக்குச் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நல்லாப் போகுதாம்மா?” என்று நர்ஸிடம் கேட்டார்.

“நல்லாப் போகுது அண்ணாச்சி.”

அண்ணாச்சி படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தாரே, அதே கண்ணால் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.