கமிஷன் வந்த அன்று வாய்க்கால் நிறைந்து ஓடியது பற்றி

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

பிஷ்கெக்கிலிருந்து மருமகன் தெமிர்லான் எழுதுவது. உங்கள் மாடு நலமா, ஐந்து ஆடுகளும் நலமா, பிறகு நீங்களும் நலமா? கால்நடையை விசாரித்துவிட்டுத்தான் மனிதரை விசாரிக்க வேண்டும், வரிசை மாறினால் அம்மா கடிதத்தை அங்கேயே மடித்து வைத்துவிடுவாள் என்று உங்கள் மகள் மேரிம் சொல்லியிருக்கிறாள். காரக்கோலில் பனி உருகிவிட்டதா? முழங்கால் எப்படி? இங்கே எல்லோரும் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், அக்டோபரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் நீர் மீட்டர்களைப் பற்றிக் கேட்டால் பேட்டரி எண்பத்து நாலு சதவீதம் என்று உடனே சொல்லிவிடுவேன். என்னைப் பற்றிச் சொல்ல எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சட்டைக்குப் பொத்தான் போடுகிறேன். அதை விடுங்கள்.

விஷயம் இதுதான். மேரிமின் ஆய்வு அரசாங்க விதியாக வரப்போகிறது என்று காரக்கோல் சந்தையில் ரொட்டிக்காரி முதல் பல் டாக்டர் வரை சொல்லி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அது வராது போலிருக்கிறது. தப்பு என்னுடையது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

போஸ்-தெரெக் கிராமத்தில் நாலு வருஷமாக அவள் என்னதான் செய்கிறாள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் தண்ணீர் அளக்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் அளந்தது என் மீட்டர்கள். அவள் செய்தது வேறு. அந்த வாய்க்கால் பாய்கிற ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை வைத்தாள். எந்த ஊர் எத்தனை மணிக்கு மதகைத் திறந்தது, எவ்வளவு எடுத்தது என்று தினமும் அதில் எழுத வைத்தாள். அவ்வளவுதான். அபராதம் இல்லை, போலீஸ் இல்லை. மேலே இருக்கிற போஸ்-தெரெக் எடுக்கிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வாய்க்காலின் கடைசியில் கிடக்கிற தாஷ்-கெச்சூவுக்கு ஆகஸ்ட் மாசத்திலும் தண்ணீர் போனது. அடுத்த ஊர்க்காரன் பார்க்கிறான் என்றால் மனுஷன் மதகை இறக்கிவிடுவான், இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வேணும். சும்மா தெரியறது வேற, நாப்பத்தி மூணு அட்டவணையோட தெரியறது வேற. அமைச்சகத்துக்கு ரெண்டாவதுதான் காதுல விழும்" என்றாள்.

இப்போது அந்த அமைச்சகத்தில் துணை அமைச்சராக வந்திருப்பவர் யார் தெரியுமா? அவளுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஜோல்தோஷ்தான். நம்ம ஆள், இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தோம். பலகை விதியை நாடு முழுக்க எல்லா வாய்க்காலுக்கும் கொண்டுவர வேண்டும் என்று அவரே கோப்பைத் திறந்தார். திறந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, ஒரு கமிஷன் போய் நேரில் பார்த்துவர வேண்டும் என்றார்.

"ஐயா, நீங்களே படிச்சுத் திருத்தின ஆய்வுதானே, ஓரத்துல 'அருமை'ன்னு எழுதியிருக்கீங்களே" என்றேன்.

"அது வாத்தியார் எழுதினது. துணை அமைச்சருக்கு அந்த வாத்தியார் மேல அவ்வளவா நம்பிக்கை இல்ல. அங்க ஒரு கேள்விக்கு நாலு வருஷம் எடுத்துக்கலாம், இங்க மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பதில் சொல்லணும். அதனால கண்ணால பாத்துடுவோம்."

பாசனம் தொடங்குகிற மே மாசத்துக்குள் கமிஷன் சரி என்று எழுதினால் விதி. இல்லாவிட்டால் கோப்பு அலமாரிக்குப் போகும். அந்த அலமாரியை நான் பார்த்திருக்கிறேன் அத்தை, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மேரிம் இருந்தால் மறுபடி தட்டி எழுப்புவாள். எனக்கு மீட்டர் மாட்ட மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் என் தப்பு. மேரிம் நாலு வருஷத்தில் ஒருநாள்கூட முன்னால் சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனதில்லை. திடீரென்று பஸ்ஸில் போய் இறங்குவாள். ஏன் என்று எனக்கும் தெரியும். ஆனால் அடக்கத்துக்கு லாரி பிடித்து வந்து நின்ற ஊர் அது. அந்த வீடுகளுக்குள் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் நுழைய எனக்கு மனசு வரவில்லை. நீர் பங்கீட்டுக்குப் பொறுப்பான கூல்பாரா அக்காவுக்குப் போன் போட்டு, "புதன்கிழமை கமிஷன் வருதுக்கா, வாய்க்காலைப் பாக்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். பதினைந்து விநாடிகூட இருக்காது. நாலு வருஷ வேலை அந்தப் பதினைந்து விநாடியில் போனது.

புதன்கிழமை காலை பத்தரைக்குப் போய் இறங்குகிறோம். துணை அமைச்சர், கமிஷன் செயலாளர் நசிரா அம்மா, இன்னும் பத்துப் பேர், மீட்டர் பெட்டியோடு நான். ஊரே வெள்ளையடித்து நிற்கிறது. வாய்க்கால் என்றால் அத்தை, அது வாய்க்காலே இல்லை, கரை முட்டி, கரை தாண்டி, ரோட்டில் ஏறி ஓடுகிறது. எல்லா மதகையும் ஒரு சாண் விடாமல் தூக்கிவிட்டிருக்கிறார்கள். விநாடிக்கு நூற்றிருபது லிட்டர் ஓட வேண்டிய இடத்தில் என் மீட்டர் நானூற்றிப் பத்து காட்டுகிறது. நான் கூல்பாரா அக்காவைத் தனியாக இழுத்துப் போய், "என்னக்கா இது?" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை என்ன? வீட்டுக்கு விருந்தாளி வர்ற அன்னைக்கு ரொட்டியைப் பாதியா கிள்ளியா விரிப்புல வைப்போம்? பாதி வாய்க்காலைக் காட்டிட்டு நாங்க மூஞ்சியை எங்க வெச்சிக்கறது?"

"அவங்க பாக்க வந்ததே அந்தப் பாதி வாய்க்காலைத்தான்கா."

"அமைச்சர் அவ்வளவு தூரத்துலேர்ந்து வறண்ட வாய்க்காலைப் பாக்கவா வந்தாரு? உன் பொண்டாட்டி கமிஷன்னு தெரிஞ்சுதான் ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம வந்து மதகைத் தூக்கினோம். அவ பேரு கெடக்கூடாது பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பலகையாவது காட்டலாம் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். பலகையை நன்றாக அழித்து, ஈரத்துணியால் துடைத்து, அதில் பெரிதாக 'வருக வருக' என்று கலர் சாக்கில் எழுதி இரண்டு பக்கமும் டூலிப் பூ வரைந்திருந்தார்கள். நசிரா அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இதுதான் அந்த ஆய்வு முறையா?" என்று கேட்டாள்.

அதற்குள் துணை அமைச்சருக்கு வெல்வெட் அங்கி போர்த்தி, தலையில் வெள்ளைக் கல்பக் தொப்பியும் வைத்துவிட்டார்கள். அங்கி அவரைவிட ஒரு முழம் நீளம். அதன் அடிப்பாகம் ரோட்டு வெள்ளத்தில் மிதந்துகொண்டே அவர் பின்னால் வந்தது. வேனின் பின்சக்கரம் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட, டிரைவர் இறங்கி நின்று அதைப் பார்த்தான். கமிஷன் மொத்தமும் நனைந்த காலுறையோடு விருந்தில் உட்கார்ந்தது. பெரிய விருந்தாளிக்கென்று ஆட்டுத்தலை துணை அமைச்சர் முன்னால் வந்தது. பிறகு நம் வழக்கம் தெரியுமே, விரிப்பைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவரும் எழுந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தாறு பேர். பதினெட்டாவது ஆள் சோவியத் காலத்து டிராக்டர் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது நசிரா அம்மா முதுகுக்குப் பின்னால் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து வேனை மூன்று குதிரைகளைக் கட்டி இழுக்கும்போது துணை அமைச்சர் என் பக்கம் வந்தார். அங்கியைப் பாவாடை மாதிரி கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தெமிர்லான், ஒரே ஒரு கேள்வி. உன் மீட்டர் கெட்டுப் போச்சா?"

எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கருவிக் கோளாறு என்று எழுதிவிட்டு இன்னொரு நாள் வருவார்கள், நானும் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துகொள்வேன், அவள் விதி பிழைத்துக்கொள்ளும். பக்கத்தில் நசிரா அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் நாலு வருஷமாக மேரிம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைக் கேட்ட கேள்வி அதுதான் அத்தை, மீட்டர் சரியா, உறுதியாகச் சரியா என்று. அவளிடம் நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

"மீட்டர் சரியாத்தான் இருக்குங்க. நானூத்திப் பத்துதான் ஓடுது" என்றேன்.

"நல்லது" என்று போய்விட்டார். நசிரா அம்மா எழுதிக்கொண்டாள். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன்: 'ஆய்வு முடிவு கள நிலவரத்தோடு பொருந்தவில்லை.'

ஆக, உங்கள் மகளின் நாலு வருஷத்தை மரியாதைக்குப் போட்ட ஒரு போன் அழைப்பாலும் ஒரு உண்மையாலும் நான் முடித்துவிட்டேன். சந்தையில் சொன்னவர்களிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள், பல் டாக்டரிடம் கடைசியாக. கூல்பாரா அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், வேனில் ஒரு முழு ஆட்டுத்தொடையைத் துணியில் கட்டி ஏற்றிவிட்டாள், மேரிம் வீட்டுக்கு என்று. அதை எப்படிச் சமைப்பது என்றும் பதிலில் எழுதுங்கள்.

உங்கள் அடுப்பு என்றும் எரியட்டும், கன்றுகள் பெருகட்டும், முழங்கால் மாடிப்படி ஏறட்டும். அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும், வயது வரிசைப்படி, என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன் தெமிர்லான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன், நல்லதாயிற்று. மேலே எழுதியதை நம்ப வேண்டாம். சனிக்கிழமை அமைச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போஸ்-தெரெக் எல்லா மதகையும் தூக்கிய அன்று கீழே தாஷ்-கெச்சூவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அந்த ஊர்ப் பலகையில் டீச்சர் மணிக்கு மணி எழுதியிருக்கிறாள்: பத்து மணி, பூஜ்யம். பதினொன்று, பூஜ்யம். பன்னிரண்டு, பூஜ்யம். அதைப் படம் பிடித்து, கீழே நூற்றுப்பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, யார் எங்கள் தண்ணீரை எடுத்தது என்று நேராகத் துணை அமைச்சருக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் அதை என் நானூற்றிப் பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். மணி பிசகாமல் பொருந்தியது. பலகையை அழித்த ஊர் தண்ணீரை எடுத்தது, பலகை வைத்திருந்த ஊர் கேள்வி கேட்டது, வாத்தியார் எழுதினது சரிதான் என்று கமிஷனில் சொன்னாராம். மீட்டர் கெட்டுப்போனது என்று அன்று எழுதியிருந்தால் இந்தப் படத்துக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. விதி நிறைவேறிவிட்டது அத்தை. மே முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க.

இன்று மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். நசிரா அம்மா தாளைத் தள்ளி, "இங்க ஆய்வாளர் கையெழுத்துப் போடணும். அவங்க வரலையா?" என்றாள்.

"இல்லைங்க."

"லீவா?"

"இறந்துட்டா. அக்டோபர்ல."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கென்று அந்தத் தாளில் கட்டம் எதுவும் இல்லை. எழுந்து போய் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். "பேரை அவங்க பேராவே எழுதுங்க. பக்கத்துல 'சார்பாக, கணவர்'னு போடுங்க. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

எழுதினேன். முதல் பிரதி, இரண்டாவது பிரதி. மூன்றாவதில் மேரிம் பேரின் கடைசி எழுத்துக்கு வந்தபோது எனக்குள் என்னவோ திறந்துகொண்டது, ஆறு மாசத்தில் முதல் தடவையாக, அலுவலகத்தில் ஒன்பது பேர் பார்க்க. நிறுத்த முடியவில்லை.

"அழுங்க தம்பி, நல்லா அழுங்க" என்று நசிரா அம்மா தாள்களை என் முகத்துக்குக் கீழேயிருந்து மெல்ல உருவினாள். "மையில மட்டும் படாம பாத்துக்குங்க, மந்திரி சீல் வெச்சது, மறுபடி அடிக்க மூணு வாரம் ஆகும்."

மையில் படவில்லை, அத்தை.